பழைய ப்ளூஸ், ஆர் அண்ட் பி கேக்க ஆரம்பிக்கிறவங்க எந்தத் தொகுப்ப முதல்ல வாங்கலாம்?

அக்கா பையன் கித்தார் கத்துக்க ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. போன மாசம் போன் பண்ணி, "மாமா, நான் வாசிக்கிற ராக் பாட்டுல பாதி எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் போனா கடைசில ப்ளூஸ்லதான் போய் நிக்குது, அப்பா ஏதாவது ஒரு சிடி பெட்டி வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்காரு, எத வாங்கட்டும்?"னு கேட்டான். பதில் சொல்ல ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் ஓடிடுச்சு, அப்பவும் முடியல. அதான் உக்காந்து எழுதிட்டேன், இதே கேள்வியோட இருக்கிற வேற யாருக்காவதும் உதவும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். ப்ளூஸ்ங்கறது அமெரிக்காவோட தெற்குப் பக்கம் கருப்பர்கள் பாடி வளத்த பாட்டு, ஆர் அண்ட் பி, அதாவது ரிதம் அண்ட் ப்ளூஸ், அதுலேர்ந்து கிளைச்சு வந்த ஆட்டத்துக்கு ஏத்த இசை. 1920லேர்ந்து 50கள் பாதி தாண்டற வரைக்கும் இந்த இசை ஆல்பமா வரல, பிளேட்டு பிளேட்டாத்தான் வந்துச்சு. 78 வேகத்துல சுத்தற பத்து இன்ச் பிளேட்டு, பக்கத்துக்குச் சுமார் மூணு நிமிஷம், அவ்வளவுதான். அதனால இன்னிக்கு நாம கேக்கறது எல்லாமே பின்னாடி யாரோ ஒருத்தர் உக்காந்து பொறுக்கி எடுத்து, எங்கேயோ கிடைச்ச ஒரு பிளேட்டுலேர்ந்து சிடிக்கு மாத்தி, நம்ம கையில குடுத்தது. யார் பொறுக்கினாங்க, எந்தப் பிளேட்டுலேர்ந்து எடுத்தாங்க, இரைச்சல எவ்வளவு வழிச்சாங்க, இந்த மூணப் பாக்காம பாட்டு லிஸ்ட்ட மட்டும் பாத்து வாங்கினா ஏமாந்துடுவோம்.

நான் அப்படித்தான் ஏமாந்தேன். நான் முதமுதல்ல வாங்கினது பத்து சிடி பெட்டி, அட்டையில ஒரு பழைய கித்தார் படம், விலை ரொம்பக் கம்மி. வீட்டுக்கு வந்து போட்டா ஒவ்வொரு பாட்டும் ஈரச் சாக்குப் போட்டு மூடின மாதிரி இருந்துச்சு. பழைய பிளேட்டுல 'ஸ்ஸ்'னு ஒரு இரைச்சல் ஓடிக்கிட்டே இருக்கும்ல, அத சாஃப்ட்வேர் வச்சு சுத்தமா வழிச்சுத் தள்ளியிருந்தாங்க, கூடவே கம்பிய நகம் சுண்டற சத்தம், பாடறவர் மூச்சு இழுக்கறது, ஸ்லைடு (விரல்ல மாட்டிக்கிற கண்ணாடி இல்லைன்னா உலோகக் குழாய்) கம்பி மேல உரசிக்கிட்டுப் போறது எல்லாமே போயிடுச்சு, ஏன்னா அந்த நுணுக்கமெல்லாம் இரைச்சல் இருக்கிற அதே இடத்துலதான் இருக்கு. போதாததுக்கு நாலஞ்சு பாட்டு ஒரிஜினலே இல்ல, அதே பாடகர் பல வருஷம் கழிச்சு வேற ஆளுங்கள வச்சுத் திரும்பப் பாடினது. எந்த வருஷம், எந்த ஊர், யார் கித்தார்னு ஒரு வரிகூட அட்டையில இல்ல. இப்படிப்பட்ட மலிவுப் பெட்டி நிறைய வர்றதுக்குக் காரணம் ஐரோப்பிய காப்புரிமைச் சட்டம். அங்க முன்னாடி ஒலிப்பதிவுக்கு 50 வருஷம்தான் உரிமை, 2013ல 70 ஆக்கினப்பவும் ஏற்கனவே காலாவதி ஆனது திரும்ப உரிமைக்குள்ள வரல, அதனால 1962 கடைசி வரைக்கும் வெளியான பாட்ட யார் வேணா தொகுத்து விக்கலாம். நல்லவங்க இத வச்சு நல்ல வேலையும் பண்ணியிருக்காங்க, லண்டன்லேர்ந்து வர்ற ஜேஎஸ்பி பெட்டிகள் விலையும் கம்மி, மாத்தின விதமும் அக்கறையா இருக்கும். ஆனா கடையில கண்ணுல படற "100 ப்ளூஸ் ஹிட்ஸ்" ரகத்த எடுக்கறதுக்கு முன்னாடி, உள்ள ரெக்கார்டிங் தேதி அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கீழ வச்சிடுங்க.

சரி, இப்ப நல்ல பெட்டிகளுக்கு வருவோம்.

எல்லாரும் முதல்ல சொல்ற பேரு ராபர்ட் ஜான்சன். 1936 நவம்பர்ல சான் ஆன்டோனியோ, 1937 ஜூன்ல டல்லாஸ், ரெண்டே ஊர்ல பாடினதுதான் மொத்தமும், 29 பாட்டு. 1938 ஆகஸ்ட்ல செத்துப்போனப்போ வயசு 27. 1961ல கொலம்பியா கம்பெனி அதுல 16 பாட்ட ஒரு எல்பியா, அதாவது நிறைய பாட்டு பிடிக்கிற பெரிய பிளேட்டாப் போட்டாங்க, இங்கிலாந்துல கித்தார் பிடிச்ச ஒரு தலைமுறையே அதக் கேட்டுத்தான் வளந்துச்சு. 1990ல ரெண்டு சிடில முழுசா வந்துச்சு, மாற்று டேக்கோட (அதே பாட்ட இன்னொரு தடவை பாடிப் பதிவு பண்ணினது) சேத்து 41 டிராக். நான் வாங்கினது அதுதான், அதுல ஒரு பெரிய தொந்தரவு, ஒரு பாட்டு முடிஞ்ச உடனே அதே பாட்டோட இன்னொரு டேக் ஓடும். ஆராய்ச்சி பண்றவனுக்கு அது புதையல், முதல் தடவை கேக்கறவனுக்கு அலுப்பு. 2011ல வந்த நூற்றாண்டுப் பதிப்புல மாற்று டேக்கெல்லாம் ஒவ்வொரு சிடியோட கடைசிக்கும் தள்ளிட்டாங்க, வாங்கறதா இருந்தா அத வாங்குங்க. ஆனா முதல் வாங்கலா இது வேணாம்னுதான் நான் சொல்வேன். ஒரே குரல், ஒரே கித்தார், 29 பாட்டு, காது இன்னும் பழகாதப்ப எல்லாம் ஒண்ணு மாதிரியே கேக்கும். அந்த மனுஷன் அடிக்கம்பியில தாளத்த ஓட்டிக்கிட்டே மேல் கம்பியில ஸ்லைடால பதில் சொல்றது ரெண்டு பேர் வாசிக்கற மாதிரி இருக்கும், அது எவ்வளவு பெரிய விஷயம்னு உறைக்கணும்னா அவரச் சுத்தி இருந்தவங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்கன்னு முன்னாடியே கொஞ்சம் கேட்டிருக்கணும்.

அடுத்தது ஹாரி ஸ்மித் தொகுத்த அமெரிக்க நாட்டுப்புற இசைத் தொகுதி. எனக்கு இது மேல தனிப் பாசம் உண்டு, அதனால கொஞ்சம் நீட்டிதான் சொல்வேன். ஸ்மித் பழைய பிளேட்டு சேக்கற ஆளு, தன் கையில இருந்ததுலேர்ந்து 84 பாட்டு எடுத்து மூணு பகுதியா, ஆறு எல்பியா அடுக்கினார், 1952ல ஃபோக்வேஸ் கம்பெனி வெளியிட்டாங்க. எல்லாமே 1920கள் பாதிலேர்ந்து 30கள் ஆரம்பம் வரைக்கும் கம்பெனிக்காரங்க வியாபாரத்துக்காகப் பதிவு பண்ணினது. அந்தக் காலத்துல கம்பெனிங்க கருப்பர் பாட்டுக்கு ஒரு கேட்டலாக், வெள்ளைக்காரர் பாட்டுக்கு வேற கேட்டலாக்னு பிரிச்சு வச்சிருந்தாங்க, கருப்பர் பாட்டுக்கு "ரேஸ் ரெக்கார்ட்ஸ்"னே பேரு. ஸ்மித் அந்தப் பிரிவ மொத்தமாத் தூக்கிப் போட்டுட்டார், யார் என்ன நிறம்னு கூட வச்ச புத்தகத்துல ஒரு இடத்துலயும் எழுதல, பாட்டப் பக்கத்துல பக்கத்துல வச்சதோட சரி. அதுல வர்ற கருப்பர் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்ட வெள்ளைக்காரர்னு நெனச்சுக்கிட்டே ரொம்ப நாள் கேட்டவங்க இருக்காங்க.

அந்த ஹர்ட் கதைய சொல்லாம போக முடியாது. 1928ல மெம்ஃபிஸ்லயும் நியூயார்க்லயும் ஓகே (Okeh)ங்கற கம்பெனிக்குச் சில பாட்டு பாடினார், விக்கல, ஊருக்குத் திரும்பி விவசாய வேலைக்குப் போயிட்டார். ஸ்மித் தொகுப்புல அவரோட ரெண்டு பாட்டு இருந்ததுனால அவர் பேரு மறையாம நின்னுச்சு. அவர் பாடின வேற ஒரு பாட்டுல அவலான்தான் என் சொந்த ஊருன்னு வரும், அத வச்சு 1963ல ஒரு ரசிகர் மிசிசிப்பில அந்தக் குட்டி ஊரத் தேடிக் கண்டுபிடிச்சுப் போனா, மனுஷன் உசுரோட அங்கேயேதான் இருக்கார். அதே வருஷம் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில அவரப் பாட வச்சாங்க. 1966ல இறக்கற வரைக்கும் மூணு வருஷம், முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சுக் கிடைச்ச மேடை. அவர் வாசிக்கிறதக் கேட்டீங்கன்னா கட்டைவிரல் ரெண்டு அடிக்கம்பிக்கு நடுவுல கடிகாரப் பெண்டுலம் மாதிரி போய்ட்டு வந்துக்கிட்டே இருக்கும், மத்த விரல் ரெண்டும் மேல பாட்டையே பாடும், குரல் பேசற அளவுக்கு மேல ஏறவே ஏறாது. கித்தார் கத்துக்கறவனுக்கு இதவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஆனா நேர்மையாச் சொல்லணும்னா, இது ப்ளூஸ் தொகுப்பு இல்ல. வயலின் நடனப் பாட்டு இருக்கு, சர்ச் பிரசங்கம் இருக்கு, லூசியானா பக்கத்து பிரெஞ்சு பாட்டு இருக்கு, மலைக்காட்டு பாஞ்சோ இருக்கு, ப்ளூஸ் அதுக்கு நடுவுல கலந்து கிடக்கு. மின்சாரக் கித்தார் ஒண்ணுகூட இல்ல. 1997ல ஸ்மித்சோனியன் நிறுவனம் ஆறு சிடியா மறுபடி போட்டாங்க, ஸ்மித் கையால பண்ணின புத்தகத்தையும் அப்படியே அச்சடிச்சுச் சேத்து. ரெண்டாவதாவோ மூணாவதாவோ கண்டிப்பா வாங்க வேண்டிய பெட்டி, ஆனா முதல் வாங்கலுக்கு இல்ல.

இதுக்கும் பின்னாடி போய் சார்லி பேட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ்னு மிசிசிப்பியோட பழைய பாடகர்கள்கிட்ட நேரா இறங்கிடலாம்னு சில பேர் சொல்வாங்க. வேணாம், இப்போதைக்கு வேணாம். ஏன்னா அவங்க பாடினது பாரமவுண்ட் கம்பெனிக்கு, அது விஸ்கான்சின்ல நாற்காலி செஞ்சு வித்த ஒரு கம்பெனியோட கிளை, கிராமபோன் பெட்டி விக்கணும்னுதான் பிளேட்டு வியாபாரத்துக்கே வந்தாங்க. பிளேட்டு அரக்குல செய்யறது, அரக்குப் பூச்சியோட அந்தப் பிசின் பெரும்பாலும் நம்ம நாட்டுலேர்ந்துதான் கப்பல்ல போச்சு, அதுகூடக் கல்லுப்பொடி எல்லாம் கலந்து அழுத்தி எடுப்பாங்க. பாரமவுண்ட் அந்தக் கலவையிலயே மலிவு பாத்தாங்க, அதனால புதுப் பிளேட்டே கரகரன்னுதான் இருக்கும். மூல அச்சுக்களும் மிஞ்சல. நாம கேக்கறது யார் வீட்டுப் பரண்லயோ கிடந்து தேஞ்சுபோன பிளேட்டுலேர்ந்து எடுத்தது. பேட்டன் தொண்டையிலேர்ந்து வர்ற அந்தக் கரடு, மழை அடிக்கிற தகரக் கூரைக்குக் கீழ நின்னு கேக்கற மாதிரி இருக்கும். பழகிட்டா அதவிட்டு வெளிய வர முடியாது, ஆனா பழகறதுக்கு முன்னாடி கேட்டா நிறைய பேர் அதோட ப்ளூஸையே விட்டுடறாங்க, நான் ரெண்டு மூணு பேரப் பாத்திருக்கேன். டாக்குமென்ட்னு ஒரு லேபிள் (இசைத்தட்டுக் கம்பெனி) இருக்கு, ஒவ்வொரு பாடகரும் பாடினது மொத்தத்தையும் தேதி வாரியா சிடி சிடியாப் போட்டாங்க, அது நூலகம் மாதிரி, தேவைப்படறப்போ போய் ஒண்ணு எடுத்துக்கலாம்.

இப்ப என் கட்சிக்கு வர்றேன். செஸ் ப்ளூஸ், 1992ல வந்த நாலு சிடி பெட்டி, 1947லேர்ந்து 1967 வரைக்கும், நூறு பாட்டுக்குக் கிட்ட. போலந்துலேர்ந்து வந்து சிகாகோவுல குடியேறின செஸ் அண்ணன் தம்பி ரெண்டு பேரோட கம்பெனி அது. தெற்கே பருத்திக் காட்டுல வேலை செஞ்சவங்க ரயிலேறி சிகாகோவுக்கு வந்தாங்க, பாடகர் மடி வாட்டர்ஸும் அப்படி 1943ல வந்தவர்தான், அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி மிசிசிப்பித் தோட்டத்துல அவர் வீட்டுக்கே நாட்டுப்புறப் பாட்டு சேகரிக்கிற ஆலன் லோமாக்ஸ் பதிவு மெஷினத் தூக்கிக்கிட்டுப் போய் நாட்டுப்புறப் பாட்டுன்னு பதிவு பண்ணினார். அதே ஆளு சிகாகோ பார்ல சத்தத்துக்கு நடுவுல கேக்கணுமேன்னு மின்சாரக் கித்தாருக்கு மாறி 1948ல ஒரு பிளேட்டு போட்டா, கூட ஒரே ஒரு பாஸ் மட்டும், வந்த வேகத்துல கடையில தீந்துபோச்சு. ஊர்ல பாடின அதே ஸ்லைடு, அதே குரல், ஆனா இப்ப அதுல கரண்ட் ஓடுது. முன்னாடி இருந்த மிசிசிப்பி டெல்டா கிராமத்து ப்ளூஸும் பின்னாடி வரப்போற ராக்கும் ஒரே மூணு நிமிஷத்துல இருக்கு, அதனாலதான் ஆரம்பிக்க இது சரியான வாசல்னு சொல்றேன். இங்கேர்ந்து பின்னாடி நடந்தா ராபர்ட் ஜான்சன், முன்னாடி நடந்தா அவன் வாசிக்கிற ராக், ரெண்டு பக்கமும் வழி இருக்கு.

ஒரே ஒரு பாட்ட மட்டும் கிட்டப் போய்ப் பாருங்க. 1954 ஜனவரில மடி பாடின "ஹூச்சி கூச்சி மேன்", எழுதினது பாஸ் வாசிக்கற வில்லி டிக்சன். மொத்த பேண்டும் சேந்து ஒரு சின்னத் துண்டு அடிச்சுட்டு டக்குனு நிக்கும், அந்த வெத்து இடத்துல மடி ஒரு வரி பாடுவார், திரும்ப அதே துண்டு, திரும்ப நிப்பு. அவர் பாடறப்போ யாரும் வாசிக்கல, அதனால ஒவ்வொரு வார்த்தையும் மேசையில கல்ல வச்ச மாதிரி விழும். அப்புறம் பேண்டு முழுசா உள்ள வர்றப்போ லிட்டில் வால்டரோட மவுத் ஆர்கன் மேல ஏறும் பாருங்க, அவர் அத ஒரு சின்ன மைக்கோட சேத்து ரெண்டு கைக்குள்ள பொத்தி ஆம்ப்ளிஃபையர் வழியா ஊதினார், அதனால அது மவுத் ஆர்கன் மாதிரியே இருக்காது, சாக்ஸஃபோன் மாதிரி கனமா வரும். 1952ல அவர் தனியா போட்ட "ஜூக்" பாட்டே இல்லாத வெறும் வாத்தியம், ஆர் அண்ட் பி ஹிட் பட்டியல்ல முதல் இடத்துக்குப் போச்சு. இதே பெட்டில ஹவ்லின் வுல்ஃப், சன்னி பாய் வில்லியம்சன், ஜிம்மி ராஜர்ஸ், பட்டி கய், கோகோ டெய்லர்னு எல்லாரும் வர்றாங்க. ஒலியும் சுத்தம், ஏன்னா கம்பெனியோட மூல டேப்பு கையில இருந்த காலத்துல பண்ணினது.

குறை? ஒரே கம்பெனி, ஒரே ஊர்க் காத்து. பெண் குரல் கம்மி. ப்ளூஸ் மட்டும்தான், செஸ்ல இருந்த சக் பெர்ரி, போ டிட்லி பக்கம் வேணும்னா வேற பெட்டி தேடணும். இப்ப புதுசாக் கிடைக்கறதும் கஷ்டம், செகண்ட் ஹேண்ட்லதான் தேடணும், வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சா தபால் செலவும் கஸ்டம்ஸும் சேந்து கையக் கடிக்கும்.

இதுக்குச் சரிக்குச் சரி நிக்கறது அட்லாண்டிக்ங்கற நியூயார்க் கம்பெனியோட பெட்டி. 1985ல ஏழு தொகுதி எல்பியா வந்துச்சு, 1991ல எட்டு சிடி, 203 பாட்டு, 1947லேர்ந்து 1974 வரைக்கும். இங்க ப்ளூஸ் இல்ல, ஆர் அண்ட் பி. அந்தப் பேர வச்சதே பின்னாடி அட்லாண்டிக்ல பங்குதாரரா வந்த ஜெர்ரி வெக்ஸ்லர்தான், 1949ல பில்போர்டுங்கற இசை வியாபாரப் பத்திரிகையில வேலை பாத்தப்போ "ரேஸ் ரெக்கார்ட்ஸ்"ங்கற பேருக்குப் பதிலா இதக் குடுத்தார். கம்பெனிய 1947ல ஆரம்பிச்சது துருக்கித் தூதர் மகன் அஹ்மெட் எர்டெகனும் ஹெர்ப் ஏப்ரம்சனும். ஆரம்ப காலத்துல தனி ஸ்டுடியோகூட இல்ல, நியூயார்க் ஆபீஸ்ல சாயங்காலம் ஆனா மேசை நாற்காலிய ஓரத்துக்குத் தள்ளிட்டு அதே ரூம்ல பதிவு பண்ணுவாங்க, இன்ஜினியர் டாம் டவுட். அந்த ஒலி எவ்வளவு தெளிவு தெரியுமா, பிக் ஜோ டர்னர் 1954ல பாடினதக் கேட்டா அந்தப் பெரிய உருவம் ரூமுக்குள்ள நிக்கறது தெரியும். அதே வருஷம் கடைசில ரே சார்லஸ் அட்லாண்டா ரேடியோ ஸ்டேஷன் ஒண்ணுல ஒரு சர்ச் பாட்டோட மெட்ட எடுத்து காதல் பாட்டாக்கிப் பதிவு பண்ணினார், சோல்னு பின்னாடி சொன்ன இசைக்கு விதை அங்கதான் விழுந்துச்சு. வரிசையாக் கேட்டுக்கிட்டே போனா முதல் சிடில பார்ல குடிச்சுட்டுப் பாடற பாட்டு, எட்டாவதுக்கு வர்றப்போ அரீத்தா ஃப்ராங்க்ளின், ஓட்டிஸ் ரெடிங்க தாண்டி எங்கேயோ வந்திருப்போம், நடுவுல எங்கேயும் வெட்டு தெரியாது.

ரூத் பிரவுன் பாட்டுக்காகவே இந்தப் பெட்டிய வாங்கலாம், வரி முடியறப்போ குரல் கீச்சுனு ஒரு ஒடிவு ஒடியும், அதுக்கே ஜனங்க பிளேட்டு வாங்கினாங்க. கம்பெனியையே "ரூத் கட்டின வீடு"னு சொல்வாங்க. ஆனா 60கள்ல அந்தம்மா வீட்டு வேலை செஞ்சும் பஸ் ஓட்டியும் பிள்ளைங்கள வளத்தாங்க, ராயல்டி வரவே இல்ல, பல வருஷம் போராடினதுக்கு அப்புறம்தான் 1988ல அட்லாண்டிக் பணம் போட்டு பழைய பாடகர்களுக்கான அறக்கட்டளையே வந்துச்சு. இதத் தெரிஞ்சுக்கிட்டு அவங்க பாட்டக் கேக்கறப்போ எனக்கு நெஞ்ச அடைக்கும்.

அப்ப ஏன் முதல் இடம் இதுக்குக் குடுக்கலைன்னா, கேக்கறவன் கித்தார்காரன். இந்தப் பெட்டில ராஜா சாக்ஸஃபோன், பியானோ, குரல். கித்தார் பின்னாடிதான் நிக்குது. டான்ஸ் ஆடறவங்க, பாடறவங்க, பழைய சோல் பிடிச்சவங்க கேட்டிருந்தா யோசிக்காம இதத்தான் சொல்லியிருப்பேன்.

கடைசியா ஒண்ணு. ஜெர்மனில பேர் ஃபேமிலின்னு ஒரு கம்பெனி "ப்ளோயிங் தி ஃப்யூஸ்"னு ஒரு வரிசை போட்டாங்க, 1945லேர்ந்து 1960 வரைக்கும் வருஷத்துக்கு ஒரு சிடி, அந்தந்த வருஷம் கருப்பர் குடியிருப்பு ஜூக்பாக்ஸ்ல (காசு போட்டா பாட்டு பாடற பெட்டி) ஓடினது. இதோட பலம் என்னன்னா கம்பெனி வேலி இல்ல. சின்சினாட்டில கிங், லாஸ் ஏஞ்சலஸ்ல ஸ்பெஷாலிட்டி, இம்பீரியல்னு பல கம்பெனில ஆர் அண்ட் பி ஊர் ஊராச் சிதறிக் கிடந்தது, ஒரு லேபிள் பெட்டில அது முழுசாத் தெரியாது. புத்தகமும் தடிமனா இருக்கும். விலையும் அப்படித்தான். பதினாறையும் சேத்து வாங்க வேண்டியதில்ல, 1949ஓ 1954ஓ ஒண்ணு வாங்கிக் கேட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்.

ஸ்ட்ரீமிங்ல எல்லாம் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, ஆனா நான் சொன்ன அந்தத் திரும்பப் பாடின டூப்பும் ஒரிஜினலும் ஒரே பேர்ல பக்கத்துல பக்கத்துல கிடக்கு, யார் வாசிச்சாங்கன்னு பாக்கவும் பெரும்பாலும் வழி இல்ல. கேட்டுப் பாக்க அது போதும், தெரிஞ்சுக்க புத்தகம் வேணும்.

அதனால தம்பி, முதல்ல செஸ் ப்ளூஸ் தேடு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கறப்போ நாலு சிடியும் இருக்கா, புத்தகம் இருக்கான்னு போட்டோ கேட்டு வாங்கு, புத்தகம் இல்லாம வந்தா பாதி விலைக்கு மேல குடுக்காத. ரெண்டு மாசத்துல கிடைக்கலைன்னா காத்திருக்க வேணாம், மடி வாட்டர்ஸோட 1958 "பெஸ்ட் ஆஃப்", அதே வருஷத்து லிட்டில் வால்டர் "பெஸ்ட் ஆஃப்", ஹவ்லின் வுல்ஃபோட 1959 எல்பி, மூணும் தனித்தனியாக் கிடைக்கும், மூணுமே அந்தந்த ஆளோட சிங்கிள்ஸ் (தனித்தனி பிளேட்டா வந்த பாட்டு) சேத்துப் போட்டதுதான், பக்கத்துக்கு ஆறு, ஆளுக்குப் பன்னெண்டு, மொத்தம் 36 பாட்டு. மூணும் சேந்தாலும் பெட்டி விலைக்குக் கம்மியாத்தான் வரும், மிச்சத்துக்கு கித்தாருக்கு நல்ல கம்பி வாங்கிக்க. பொங்கல் லீவுக்கு வர்றப்போ அட்லாண்டிக் பெட்டியையும் ஹாரி ஸ்மித்தையும் நான் தூக்கிட்டு வர்றேன், அதுக்குள்ள ஹூச்சி கூச்சி மேன்ல அந்த நிப்பு எத்தன தட்டு நீளம்னு எண்ணி வை.